எம் வீட்டுத் தங்கமும் பின்கதவுப் பூட்டும்

(இலண்டனில் பெற்றோரும் இளையோரும் கூடிய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டையும் வணிக நிலையத்தையும் திருட்டிலிருந்து காப்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுள்ளார்கள். நான் காவற்துறையைச் சேர்ந்தவனல்லன், பூட்டு விற்பவனுமல்லன். பொறியியல் கற்று, கணினித் துறையில் பணிபுரிபவன். ஆயினும், ஒரு கணினி வலையமைப்பைப் பாதுகாக்க முற்படும்போது நாங்கள் எழுப்பும் வினாக்களே ஒரு வீட்டுக்கும் பொருந்துகின்றன. உள்ளே என்ன இருக்கிறது? அது அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்? உள்ளே நுழைய எவ்வளவு நேரம் பிடிக்கும்? நுழைந்துவிட்டால் யார் வருவார்கள்? பூட்டுக் கடைக்குப் போவதற்கு முன்னர் இந்த நான்கையும் எமக்குள் கேட்டுக்கொள்வது பயன் தரும்.

முதலாவது வினாவுக்கான விடையை இம்மண்டபத்தில் உள்ள அனைவரும் அறிவீர்கள். தங்கம். அதை நாம் அறிந்திருப்பது போலவே திருடர்களும் அறிந்திருக்கிறார்கள். பிரித்தானியக் காவற்துறையினர் 'ஆசியத் தங்கம்' என்றொரு தனிப்பெயரே இதற்கு வைத்துள்ளனர். 2013ஆம் ஆண்டு முதலான ஐந்தாண்டு காலத்தில் தெற்காசியக் குடும்பங்களிடமிருந்து ஏறத்தாழ 140 மில்லியன் ஸ்ரேர்லிங் பவுண் பெறுமதியான தங்கம் களவாடப்பட்டதாகப் பி.பி.சி. 2019இல் செய்தி வெளியிட்டது. காவற்துறைப் பிரிவுகளிடமிருந்து பெற்ற தகவல்களின்படி சுமார் 28,000 திருட்டுகள். இழப்பின் பெரும்பகுதி இலண்டனில். முறைப்பாடு செய்யப்பட்டவை மட்டுமே இக்கணக்கில் அடங்கும். முறைப்பாடு செய்யாதோர் எம்மவரிடையே எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதன் பின்னர் தங்கத்தின் விலை எங்கோ போய்விட்டது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 500 அமெரிக்க டொலர். 2025 ஒக்ரோபரில் அது 4000 டொலரைத் தாண்டியது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் திருமணத்திற்காகச் செய்த தாலிக்கொடி, எவரும் கைவைக்காமலே, அலுமாரிக்குள் இருந்தபடியே எட்டு மடங்கு பெறுமதி பெற்றுவிட்டது. அலுமாரியின் பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

இவ்விடத்தில் இளையோர் சிலர் ஒரு வினாவை எழுப்புவார்கள். "ஏன் அம்மா இவ்வளவு தங்கத்தை வீட்டில் வைத்திருக்கிறார்? விற்றுவிட்டு வங்கியிலே போட்டால் என்ன?" வினா நியாயமானது. ஆனால் அம்மாவின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1983 யூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது வீட்டுறுதியையோ வங்கிப் புத்தகத்தையோ தேடி எடுக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, வீடும் வளவும் வயலும் பின்னால் நின்றன. கழுத்திலும் கையிலும் இருந்தது மட்டுமே கூட வந்தது. அதை அடகு வைத்தோ விற்றோதான் பலர் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பினார்கள். தங்கம் என்பது எம் தாய்மாருக்கு ஆடம்பரம் மட்டுமன்று. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய வீடு. இதை அறியாமல் "தங்கம் வாங்காதீர்கள்" என்று அறிவுரை கூறுவதில் பயனில்லை. நானும் அப்படிக் கூறப்போவதில்லை.

ஆனால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு எமக்கு எளிதாக இருப்பது திருடனுக்கும் எளிதாகவே இருக்கிறது. இதுதான் எமது சிக்கலின் மையம்.

இடையில் ஒரு செய்தி. நாம் தங்கத்தைப் 'பவுண்' கணக்கில் அளக்கிறோம்; தமிழகத்தார் 'சவரன்' என்கிறார்கள். இரண்டுமே இந்நாட்டு நாணயத்திலிருந்து வந்தவை. 1817 முதல் இங்கு வார்க்கப்பட்ட சவரின் என்னும் பொற்காசு 22 கரட் தங்கம், நிறை 7.98 கிராம். அதைத்தான் எம் பொற்கொல்லர் எட்டுக் கிராம் என்று கொண்டார்கள். இந்த நாட்டிலிருந்து போன அளவுகோல், இந்த நாட்டுக்கே எம்மோடு திரும்பி வந்திருக்கிறது.

அந்த 22 கரட்டுத்தான் திருடனைக் கவர்கிறது. இங்குள்ள நகைக்கடைகளில் விற்கப்படும் நகைகளிற் பெரும்பாலானவை 9 கரட் அல்லது 18 கரட். எமது நகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கும் மேல் பொன். உருக்குவதற்கு ஒரு சிறிய பட்டறை போதும். உருக்கிய பின் அது அம்மம்மாவின் அட்டியலா, அயல்வீட்டுக்காரரின் காப்பா என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க இயலாது. மேலும், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டில் ஒரு கிராமுக்கு மேற்பட்ட பொருளொன்றைத் தங்கம் என்று விற்பதற்குத் தரமுத்திரை வேண்டும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ செய்வித்த எமது பழைய நகைகளில் அது கிடையாது. எனவே அவற்றை நகையாக விற்பதைவிட உருக்கி விற்பதே திருடனுக்கு வசதி.

சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. தேவாலயக் கூரைகளிலும் தொடருந்துப் பாதைகளிலும் செம்பும் ஈயமும் களவு போனபோது, நாடாளுமன்றம் 2013இல் பழைய உலோக வணிகர் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய உலோகத்தைக் காசு கொடுத்து வாங்கக்கூடாது, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்கவேண்டும் என அது விதித்தது. ஆனால் நிறையில் 2 விழுக்காடோ அதற்கு மேலோ பொன் அல்லது வெள்ளி கொண்ட உலோகத்தை அச்சட்டம் தன் வரைவிலக்கணத்திலிருந்து விலக்கி வைத்தது. தண்டவாளத்துச் செம்புக் கம்பிக்குக் கிடைத்த காவல் எம் தாய்மாரின் தாலிக்கொடிக்குக் கிடைக்கவில்லை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதத் தகுந்த விடயம் இது. எழுதும் திறன் உங்கள் பிள்ளைகளிடம் தாராளமாக உண்டு.

இரண்டாவது வினா: அது அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?

வாசலில் மாவிலைத் தோரணமும் படியில் பத்துச் சோடிச் செருப்பும் இருந்தால் இது எந்த வகை வீடு என்று தெருவில் போகிறவருக்குத் தெரிந்துவிடும். அவற்றை அகற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். எம் அடையாளத்தை மறைத்து வாழ்வதற்காக நாம் இங்கு வரவில்லை. ஆனால் தேவையில்லாமல் வெளிவிடும் தகவல்கள் வேறு பல உண்டு. பூப்புனித நீராட்டு விழாவின் நிழற்படங்களை முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி இடுகிறோம். கழுத்தில் எத்தனை வடம் என்பதைப் பெரிதாக்கி எண்ணலாம். "குடும்பத்துடன் விடுமுறை" என்று விமான நிலையத்திலிருந்தே எழுதுகிறோம். திரும்பி வந்த பின் எழுதினால் விடுமுறையின் இன்பம் குறைந்துவிடாது. படத்தை உறவினருக்கு மட்டும் தெரியும்படி இடுவதற்குச் சில விநாடிகள் போதும். பெற்றோருக்கு அது தெரியாவிட்டால் பிள்ளைகள் செய்து கொடுங்கள்.

ஆண்டுதோறும் தீபாவளிக் காலத்தில் காவற்துறையினர் எச்சரிக்கை வெளியிடுகின்றனர். எமக்கோ ஈலிங் கனகதுர்க்கை அம்பாளின் தேர் முதலாக, கோடை முழுவதும் திருவிழாக்கள். தேரன்று வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மாலை வரை திரும்பாதிருப்பது தமிழரல்லாத எவருக்கும்கூட ஊகிக்கக்கூடியதே.

இதைவிட ஒன்று என் மனதை உறுத்துகிறது. எமது மரண அறிவித்தல்களைப் பாருங்கள். இறந்தவரின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள், பார்வைக்கு வைக்கப்படும் இடம், தகனம் நடைபெறும் நாள், மணி, இவற்றுடன் வீட்டு முகவரி. அந்தக் குடும்பம் முழுவதும் எந்த மணியில் வீட்டை விட்டு வெளியே நிற்கும் என்பதை நாமே அச்சிட்டுக் கொடுக்கிறோம். தொலைபேசி எண் போதும். வீட்டு முகவரி வேண்டாம். முன்னரே வெளிவந்துவிட்டதாயின், நண்பர் ஒருவரோ அயலவர் ஒருவரோ தகன நேரத்தில் அவ்வீட்டில் விளக்கேற்றி இருக்கட்டும். துயர வீட்டுக்கு உணவு சமைத்துக் கொண்டுபோகும் வழக்கம் எம்மிடம் உண்டு. இதையும் அத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதும் நான்காவதும் வினாக்களைச் சேர்த்தே பார்க்கவேண்டும். அவற்றை விளக்க இந்நகரில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

ஹற்றன் கார்டன் இலண்டனின் நகை வணிகத் தெரு. அங்கிருந்த பாதுகாப்புப் பெட்டக நிலையம் ஒன்றில் வணிகர்களும் குடும்பங்களும் நகைகளையும் வைரங்களையும் வைத்திருந்தனர். 2015 ஏப்ரல் 2ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு விடுமுறை தொடங்கும் வேளை, ஒரு கும்பல் மின்தூக்கி செல்லும் குழி வழியாக அடித்தளத்தில் இறங்கியது. பெட்டக அறையின் சுவர் அரை மீற்றர் தடிப்பான கொங்கிறீற்று. கட்டட வேலைக்குப் பயன்படும் வைரமுனைத் துளைகருவியால் அதில் மூன்று துளைகளை ஒன்றையொன்று தொடும்படி இட்டனர். இக்கும்பலின் முதன்மையானவர்களில் ஒருவருக்கு அப்போது வயது 76 என்பது பின்னர் தெரியவந்தது.

இனித்தான் கவனிக்கவேண்டிய பகுதி. அலாரம் வேலை செய்தது. நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் செய்தி மெற்றோபொலிற்றன் காவற்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. எவரையும் அனுப்பத் தேவையில்லை என்று அது வகைப்படுத்தப்பட்டது. காவலாளி ஒருவர் வந்தார், வெளியிலிருந்து பார்த்தார், கதவு பூட்டியே இருந்தது, திரும்பிப் போனார். திருடர்கள் உள்ளே இருந்தார்கள். சுவருக்குப் பின்னால் நின்ற பெட்டகத்தைத் தள்ளும் கருவி பழுதானதால் அவர்கள் அன்று வெறுங்கையுடன் வெளியேறினார்கள். வேறொரு கருவி வாங்கிக்கொண்டு ஏப்ரல் 4 இரவு திரும்பவும் வந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை உடைத்து, சுமார் 14 மில்லியன் பவுண் பெறுமதியானவற்றுடன் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை பணியாளர் வந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது.

அரை மீற்றர் கொங்கிறீற்று இருந்தது, அலாரமும் ஒலித்தது, காவலாளியும் வந்தார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே இருந்தன. ஆனால் சுவர் தாமதத்தை மட்டுமே தரும். மணி செய்தியை மட்டுமே தரும். அந்தத் தாமதம் முடிவதற்குள் அச்செய்தியைக் கேட்டு ஒருவர் வந்து, உள்ளே பார்க்கவேண்டும். இதைப் பொறியியலில் எளிய சமனிலி ஒன்றாக எழுதலாம்: திருடனுக்குத் தேவைப்படும் நேரம், உதவி வந்துசேரும் நேரத்தைவிட அதிகமாக இருக்கவேண்டும். எந்தப் பொருளை வாங்க முன்னரும், இந்தச் சமனிலியில் அது எந்தப் பக்கத்தை மாற்றுகிறது என்று கேளுங்கள். எதையும் மாற்றாவிட்டால் காசை மிச்சப்படுத்துங்கள்.

உதாரணமாக, எம் வீடுகளிற் பலவற்றில் உள்ள வெள்ளை நிறப் பிளாஸ்ரிக் கதவு. பார்ப்பதற்கு உறுதியானது, பல கொளுக்கிகள் கொண்டது. ஆனால் அதன் நடுவேயுள்ள உருளைப் பூட்டு சாதாரணமானதாக இருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்து ஒரு நிமிடத்துக்குள் முறித்துவிடலாம். ரி.எஸ். 007 தரத்தில் மூன்று நட்சத்திரக் குறி பெற்ற உருளை இதைத் தாங்கும். அதன் விலை சில பத்துப் பவுண்கள்தான். ஒரு திருகாணியைக் கழற்றத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். மரக்கதவாயின் பி.எஸ். 3621 என்ற தரக்குறியுள்ள பூட்டைத் தேடுங்கள். வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். புது வீட்டுக்குக் குடிபோனால் முதல் வேலை உருளையை மாற்றுவது; முன்பு இருந்தவர்கள் எத்தனை பேருக்குத் திறப்புக் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. அந்தக் கதவின் கைபிடியை மேலே தூக்கினால் பூட்டியாயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. திறப்பை இட்டுத் திருப்பினால்தான் பூட்டு. தூக்கிவிட்டுப் படுத்தால் கொளுக்கிகள் வெறுமனே நிற்கின்றன. திறப்பைக் கதவிலேயே விடவும் வேண்டாம். தபால் துவாரம் வழியாகக் கம்பி விட்டு எடுப்பார்கள். ஆனால் தீ ஏற்பட்டால் இருட்டிலும் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கவேண்டும். திருடனுக்காகப் பூட்டிய வீட்டில் பிள்ளைகள் தீயில் அகப்படக்கூடாது.

முன்கதவை இவ்வளவு பேசினேன். ஆயினும் தெருவிலிருந்து தெரியாத பின்பக்கத்தையே திருடன் விரும்புகிறான். பின்வளவின் பக்கக் கதவு, சமையலறை யன்னல், கொட்டகையில் நாமே வைத்திருக்கும் ஏணியும் மண்வெட்டியும். அவனுக்குத் தேவையான ஆயுதங்களை நாமே எடுத்துக் கொடுக்காமல் கொட்டகையையும் பூட்டுங்கள்.

நகைக்குப் பாதுகாப்புப் பெட்டகம் வாங்குவோர் ஈ.என். 14450 அல்லது ஈ.என். 1143-1 என்ற ஐரோப்பியத் தரக்குறி உள்ளதா என்று பாருங்கள். அதைச் செங்கற் சுவரிலோ கொங்கிறீற்றுத் தளத்திலோ திருகாணியால் இறுக்கவேண்டும். இலண்டனின் பழைய வீடுகளில் மேல்மாடித் தளம் மரப்பலகை. அங்கே சும்மா வைத்த பெட்டகம் திருடனுக்குக் கைப்பெட்டி போல. அரிசி வாளிக்குள்ளும் சாமியறைப் படத்துக்குப் பின்னாலும் வைப்பதை இனிமேலும் இரகசியம் என்று எண்ணாதீர்கள். அந்த இரகசியம் அவர்களுக்குப் பழையது.

வெளியே வைப்பதாயின், பெரிய வங்கிகள் பெரும்பாலும் புதிய வாடிக்கையாளருக்குப் பெட்டக வசதி தருவதை நிறுத்திவிட்டன. தனியார் நிலையங்கள் உண்டு. அங்கும் பெட்டிக்குள் இருப்பதற்குக் காப்புறுதி உண்டா, எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஹற்றன் கார்டனில் பெட்டி வைத்திருந்தோர் பலர் காப்புறுதி செய்திருக்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

கமெராக்களைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒரு சொல். மலிவான கமெராவை இணையத்தில் இணைத்து, அதனுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், வீட்டைத் திருடனுக்கு நாமே ஒளிபரப்புகிறோம். 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை இந்நாட்டில் விற்பது சட்டவிரோதம். அதற்கு முன்னர் வாங்கியவை இன்னும் எம் கூரைகளில் இருக்கின்றன. இளையோர் இன்று வீட்டுக்குப் போனதும் அதைப் பாருங்கள். கமெரா அயலவரின் வளவைப் பார்க்கும்படி பொருத்துவதும் தகவற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிக்கலாகலாம். அயலவர்தான் நான்காவது வினாவுக்கான முதல் விடை, அவருடன் பகைத்துக்கொள்ளாதீர்கள். பத்து ஆண்டுகள் ஒரே தெருவில் இருந்தும் பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. விடுமுறைக்குப் போகும்போது ஒரு தட்டில் பலகாரம் கொடுத்து, "எங்கள் வீட்டையும் ஒருக்கால் பாருங்கள்" என்று சொல்வது எந்தக் கமெராவையும்விட மேல். ஒலிக்கும் அலாரத்துக்கு எழுந்து பார்க்கக்கூடியவர் அவரே. வெறும் மணி ஒலித்ததற்காகக் காவற்துறையினர் வருவதில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் கண்காணிப்புடன், தனி இலக்கம் பெற்ற அலாரமாக இருந்தாலோ, குற்றம் நடப்பதை ஒருவர் கண்டு சொன்னாலோதான் அவர்கள் புறப்படுவார்கள்.

கடை வைத்திருப்போருக்குச் சில சொற்கள். உங்களிற் பலர் இதில் என்னைவிட அனுபவசாலிகள். இரவில் காசு இலாச்சியை வெறுமையாக்கித் திறந்தே வையுங்கள். வெளியிலிருந்து அது தெரியட்டும். சிகரெட்டும் மதுவும் வைக்கும் களஞ்சிய அறைக்குத் தனியான பூட்டு இருக்கட்டும். கூரையையும் பின் சந்தையும் மறவாதீர்கள். வெளியே உருட்டுக் கதவு பொருத்துவதற்குப் பொதுவாக நகரசபையின் திட்டமிடல் அனுமதி வேண்டும். உள்ளே பொருத்தும் வலைக்கதவுக்கு அத்தொல்லை குறைவு. கடைக்குள் ஆட்கள் இருக்கும் நேரத்தில் அவசர வழியைச் சங்கிலியால் பூட்டுவது 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணைக்கு எதிரான குற்றம். அலாரத்தை இயக்காமல் போன இரவில் களவு நடந்தால் காப்புறுதி நிறுவனம் என்ன சொல்லும் என்பதை ஒப்பந்தத்தில் இன்றே வாசியுங்கள்.

வீட்டுக் காப்புறுதியிலும் இதே கதைதான். "எங்களிடம் காப்புறுதி இருக்கிறது" என்பார்கள். பல ஒப்பந்தங்களில் தனியாக அறிவிக்கப்படாத ஒரு பொருளுக்கு 1500 அல்லது 2000 பவுண் அளவிலேயே எல்லை உண்டு. இன்றைய விலையில் ஒரு தாலிக்கொடிக்கு அது எம்மட்டு? நகையின் மொத்தப் பெறுமதியைக் குறைத்துக் காட்டியிருந்தால் இழப்பீடும் அந்த விகிதத்தில் குறையலாம். 2010இல் செய்த மதிப்பீடு இன்று பயன்படாது. ஆகவே ஒவ்வொரு நகையையும் ஓர் அளவுகோலுக்கு அருகில் வைத்துப் படம் எடுங்கள், நிறையைக் குறியுங்கள், பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் படம் எடுங்கள். ஊரில் செய்வித்த நகைக்குப் பற்றுச்சீட்டு இராது. திருமண ஒளிப்பதிவு இருக்கும். அதை இதுவரை எவரும் முழுமையாகப் பார்த்ததில்லை. இனியாவது ஒரு பயன் கிடைக்கட்டும்.

களவு போன பின் முறைப்பாடு செய்யத் தயங்குவோரைப் பற்றியும் சொல்லவேண்டும். தங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், குடிவரவுப் பத்திரத்தைக் கேட்பார்கள் என்ற அச்சம் எம்மவரிடம் ஆழமாக உண்டு. சீருடை அணிந்தோர் வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்பதை நாட்டிலே கண்டவர்கள் நாம். அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் காப்புறுதி கிடைக்காது. மேலும், எம் தெருக்களில் களவு நடப்பதாகப் பதிவே இல்லாவிட்டால் அங்கே காவற்துறையினரை அனுப்பும் தேவையும் எவருக்கும் தோன்றாது. வீடு புகுந்து நடந்த ஒவ்வொரு திருட்டுக்கும் நேரில் வருவதாக இங்கிலாந்து, வேல்ஸ் காவற்துறைத் தலைவர்கள் 2022 ஒக்ரோபரில் உறுதியளித்துள்ளனர். அந்த உறுதிமொழியை நினைவூட்டிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. திருடன் உள்ளே இருந்தாலோ, இப்போதுதான் ஓடினாலோ 999. பின்னர் கண்டறிந்தால் 101. ஆங்கிலம் வராத பெரியவர்கள் 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைப்பார்கள்.

வீட்டில் பகலில் தனியே இருப்பவர்கள் அம்மம்மாவும் அப்பப்பாவுமே. தண்ணீர்க் கம்பனி, எரிவாயுக் கம்பனி, காவற்துறை என்று சொல்லிக்கொண்டு வருவோரை அவர்கள் உபசரித்து உள்ளே அழைத்துவிடுவார்கள். அது எம் பண்பு. வந்தவரை வெளியே நிற்கச் சொல்வது அவமதிப்பன்று என்பதைப் பேரப்பிள்ளைகள்தான் அவர்களுக்குப் புரியவைக்கவேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். முதியோருக்காக இந்நிறுவனங்கள் இரகசியச் சொல் ஒன்றைப் பதிவுசெய்யும் வசதி தருகின்றன. வருபவர் அச்சொல்லைச் சொல்லவேண்டும். எவருக்கும் எளிதில் தோன்றாத ஒரு தமிழ்ச் சொல்லாக அது இருக்கட்டும்.

பின்னாலுள்ள மேசையில் நகைப் பட்டியலுக்கான தமிழ்ப் படிவம் இருக்கிறது. காப்புறுதி ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்தவர்கள் அங்குள்ள இளையோரிடம் கொடுங்கள். தனிப் பொருளுக்கான எல்லை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று கோடிட்டுத் தருவார்கள். பட்டியலை நிரப்பிய பின் அதை நகைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். வேறு இடத்தில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். இனி உங்கள் வினாக்களுக்கு வருவோம்.